நட்சத்திர முக்கோணமும் இடுக்குப்புள்ளியும்

நிரலாக்கம் கற்கத் தொடங்கிய எவரும் நட்சத்திர முக்கோணத்துக்குத் தப்பியதில்லை. முதல் வரியில் ஒரு நட்சத்திரம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. அது முடிந்தால் தலைகீழ் முக்கோணம், பிறகு பிரமிடு, பிறகு வைரம், பிறகு நடுவே ஓட்டை விழுந்த வைரம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புப் பைத்தான் பாடத்திலேயே எண்களால் ஆன முக்கோணம் வந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போனால் சி மொழி ஆய்வகத்தின் ரெக்கார்டு நோட்டில் அதே முக்கோணம். வளாக நேர்காணலுக்குத் தயாராகிறவர்களின் கையில் இருக்கும் நகல்தாள் கட்டிலும் அதே முக்கோணம்.

"இது எந்த வேலைக்கு உதவும்?" என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நட்சத்திரம் அச்சிடுவதற்கு எந்த நிறுவனமும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனாலும் நான் இந்தப் பயிற்சியின் பக்கம்தான் நிற்கிறேன். என்னுடைய சண்டை அதைச் சொல்லித்தரும் விதத்தோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்து உட்காருகிறார்கள். பிரமிடு கேட்டால் மூச்சு விடாமல் மூன்று மடக்கு (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்) எழுதிவிடுவார்கள். அதே பிரமிடை வலது ஓரமாகச் சாய்த்துக் கேட்டால் கை நின்றுவிடும். கேட்ட உருவம் மனப்பாடமாக இருந்தது. அதன் கணக்கு தெரிந்திருக்கவில்லை. வாய்ப்பாட்டில் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்துவிட்டுப் பதினேழுக்கு முழிக்கிற பிள்ளையை யாரும் திட்டக் கூடாது. சொல்லிக்கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கணினியை மூடச் சொல்வேன். தாளில் பிரமிடை வரைந்துகொள்ள வேண்டும்.

```
   *
  ***
 *****
*******
```

பக்கத்தில் மூன்று பத்தி கொண்ட ஓர் அட்டவணை. வரிசை எண், அந்த வரிசையில் முன்னால் எத்தனை இடைவெளி, எத்தனை நட்சத்திரம். முதல் வரிசையில் மூன்று இடைவெளி, ஒரு நட்சத்திரம். இரண்டாவதில் இரண்டும் மூன்றும். மூன்றாவதில் ஒன்றும் ஐந்தும். நான்காவதில் இடைவெளியே இல்லை, ஏழு நட்சத்திரம். இப்போது அட்டவணையைக் குறுக்காகப் படித்தால் வரிசை எண்ணையும் இடைவெளியையும் கூட்டினால் எப்போதும் நான்கு. நட்சத்திரம் என்பது வரிசை எண்ணின் இருமடங்கில் ஒன்று குறைவு. எட்டாம் வகுப்பு இயற்கணிதம், அவ்வளவுதான். நிரலில் எழுத வேண்டியது முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. வெளிமடக்கு வரிசையை எண்ணுகிறது. உள்ளே இரண்டு சிறு மடக்குகள், ஒன்று இடைவெளிக்கு, ஒன்று நட்சத்திரத்துக்கு. கடைசியில் அடுத்த வரிக்கு இறங்குதல்.

உள்மடக்கின் எல்லை வெளிமடக்கின் மாறியைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் ஆரம்பத்தில் பலருக்கும் பிடிபடாத இடம். இரண்டு மடக்குமே 1 முதல் 4 வரை ஓடினால் சதுரம். அது யாருக்கும் சிரமம் இல்லை. உள்மடக்கு 'வரிசை எண் வரை' ஓடினால் முக்கோணம். எழுத்தளவில் மிகச் சிறிய மாற்றம், ஆனால் வெளியே நடப்பதை உள்ளே இருப்பது பார்த்துக்கொண்டே இருக்கிறது என்ற எண்ணம் மனத்தில் பதிய நாளாகும். அவசரப்படுத்திப் பயன் இல்லை.

இதே பிரமிடுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பாடநூல்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. நான்கு வரிசை, ஏழு கட்டம் கொண்ட முழுச் செவ்வகத்தையும் சுற்றிவர வேண்டும். மொத்தம் 28 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று ஒரே ஒரு கேள்வி: நடுக்கட்டமான நான்கிலிருந்து நான் இருக்கும் கட்டத்தின் தூரம் வரிசை எண்ணைவிடக் குறைவா? ஆம் என்றால் நட்சத்திரம், இல்லை என்றால் இடைவெளி. மடக்குகள் இரண்டும் மாறாத எல்லைக்குள் ஓடுகின்றன. உருவத்தைத் தீர்மானிப்பது நிபந்தனை.

முதல் வழியில் அச்சிடுவது 22 எழுத்து: 16 நட்சத்திரமும் 6 இடைவெளியும். இரண்டாவது வழியில் 28. முதல் வழி சிக்கனம் என்று தோன்றும். இப்போது ஓட்டைப் பிரமிடு கேளுங்கள்: ஓரமும் அடிவரிசையும் மட்டும் நட்சத்திரம், உள்ளே வெற்றிடம். முதல் வழிக்காரர் உள்ளே நான்காவது மடக்கு, முதல் வரிசைக்குத் தனி விதிவிலக்கு, கடைசி வரிசைக்கு இன்னொன்று என்று முடிச்சுப் போட ஆரம்பிப்பார். இரண்டாவது வழிக்காரர் நிபந்தனையை மட்டும் தொடுகிறார்: நடுக்கட்டத்திலிருந்து தூரம் வரிசை எண்ணில் ஒன்று குறைத்ததற்குச் சமமா, அல்லது இது நான்காவது வரிசையா? முடிந்தது.

எந்த வேலையை மடக்கின் எல்லையில் வைப்பது, எந்த வேலையை உள்ளே இருக்கும் நிபந்தனையிடம் விடுவது என்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நட்சத்திரம் வெறும் சாக்கு. ஒரே உருவத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்காதவர், நூறு உருவம் எழுதினாலும் ஒரே உருவத்தை நூறு முறை எழுதியவர்தான்.

கோலம் இந்த வகுப்புக்குள் வந்தது ஒரு மாணவி வழியாக. மார்கழி மாதம். அவளுடைய அம்மா கோல நோட்டு வைத்திருக்கிறவர். 'அக்கா, இதைப் பாருங்கள்' என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். மேலே எழுதியிருந்தது: '15 புள்ளி, 8 முடிய, இடுக்குப்புள்ளி.' பெண்கள் இதழ்களின் கோல இணைப்புகளில் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் அதே குறிப்புதான். நடுவரிசையில் 15 புள்ளி; மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே போய் 8 வந்ததும் நிறுத்து; ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழ வேண்டும். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. வரிசைக்கு இரண்டு குறையும், பக்கத்துக்கு ஒன்றாக.

தொடக்கம், முடிவு, படி. மடக்குக்குத் தேவையான மூன்றும் அந்தக் குறிப்பில் இருக்கின்றன. வாசலில் புள்ளி வைப்பவர் வேறு எதையும் கேட்பதில்லை. அந்த ஒரு வரியை வைத்து விடியற்காலையில் 169 புள்ளியை வைத்துவிடுகிறார். 15, அதோடு 8 முதல் 14 வரை கூட்டிய 77, மேலும் கீழும் என்பதால் இரண்டு முறை. கூட்டிப் பாருங்கள்.

கோலத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்துப் பார்த்தது நாங்கள் ஒன்றும் முதல் ஆட்கள் அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இரு பரிமாணக் கட்டங்களில் உருவாக்கும் விதிகளை வகுத்து 1974இல் சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்தை எழுத்தெழுத்தாக உருவாக்கும் விதிகளை மொழியியலாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு படத்தையே விதிகளால் உருவாக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று வாசற்கோலம். நம் பாடநூல்களில் இந்தப் பெயர்கள் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வரக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இனி வேலைக்கு வருவோம். 15 வேண்டாம், சிறியதாக 7 புள்ளி, 4 முடிய, இடுக்குப்புள்ளி:

```
   . . . .
  . . . . .
 . . . . . .
. . . . . . .
 . . . . . .
  . . . . .
   . . . .
```

திரையில் இதை எப்படி அரைப்புள்ளி நகர்த்துவது என்று முதலில் எல்லோரும் குழம்புகிறார்கள். எழுத்துகள் கட்டத்துக்குள் அடைபட்டவை. அரைக் கட்டம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஓர் இடைவெளி விட்டால் ஒரு புள்ளி இரண்டு எழுத்து அகலம் ஆகிவிடுகிறது. அப்போது அரைப்புள்ளி நகர்வது ஓர் எழுத்து நகர்வது. இதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. தாளில் கட்டம் போட்டு வைத்துப் பார்த்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தவர் அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவார்.

அடுத்து அட்டவணை. வரிசை 1இல் 4 புள்ளி, 2இல் 5, 3இல் 6, 4இல் 7, அதன்பின் 6, 5, 4. பாதி வரை ஏற்றம், பாதிக்குப் பின் இறக்கம். இங்கேதான் மடக்குக்குள் நிபந்தனை தானாக வந்து உட்காருகிறது. சொந்த மொழியில் எழுதினால் இப்படி இருக்கும். பைத்தானாகவோ சி ஆகவோ மாற்றுவது உங்கள் பொறுப்பு.

```
வரிசை 1 முதல் 7 வரை:
    வரிசை <= 4 என்றால்:
        புள்ளி = வரிசை + 3
    இல்லையென்றால்:
        புள்ளி = 11 - வரிசை
    (7 - புள்ளி) தடவை:
        இடைவெளி அச்சிடு
    புள்ளி தடவை:
        '. ' அச்சிடு
    அடுத்த வரிக்கு இறங்கு
```

நிபந்தனை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அது வெளிமடக்குக்குள், உள்மடக்குகளுக்கு முன்னால் இருக்கிறது. வரிசைக்கு ஒரு முறை கேட்டால் போதுமான கேள்வியை வரிசைக்கு ஒரு முறைதான் கேட்க வேண்டும். அதையே புள்ளிக்குப் புள்ளி கேட்கும்படி உள்ளே தள்ளினாலும் விடை சரியாகத்தான் வரும், வேலை மட்டும் வீணாகக் கூடும். ஏழு வரிசைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆயிரம் வரிசை, வரிசைக்கு ஆயிரம் கட்டம் என்றால் பத்து லட்சம் தடவை கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு 7 புள்ளி, 1 முடிய, நேர்ப்புள்ளி:

```
      .
    . . .
  . . . . .
. . . . . . .
  . . . . .
    . . .
      .
```

இது புது நிரல் என்று நினைத்துப் பலரும் புதுப்பக்கம் புரட்டுவார்கள். வேண்டாம் என்பேன். புள்ளிக் கணக்கு மட்டும் மாறுகிறது: நான்காவது வரிசை வரை வரிசை எண்ணின் இருமடங்கில் ஒன்று குறைவு, அதன்பின் பதினைந்திலிருந்து வரிசை எண்ணின் இருமடங்கைக் கழித்தது. முன்னால் விட வேண்டிய இடைவெளி? அதே ஏழில் புள்ளியைக் கழித்ததுதான். இடுக்குப்புள்ளிக்கும் நேர்ப்புள்ளிக்கும் அந்த வரி மாறவே இல்லை. வாசலில் இரண்டும் வேறு வேறு கலை போலத் தெரிகின்றன. நிரலில் படி ஒன்றா இரண்டா என்ற வித்தியாசம் மட்டும். நானும் அதை எழுதிப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். பிடித்துப்போய்விட்டது.

சரிபார்க்கவும் கோலமே உதவுகிறது. முதல் கோலத்தில் 37 புள்ளி, இரண்டாவதில் 25. நிரலில் ஓர் எண்ணி மாறியை வைத்துப் புள்ளி அச்சிடும்போதெல்லாம் ஒன்று கூட்டி, கடைசியில் அதை அச்சிட்டால் போதும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் உருவத்தில்கூட வரியின் கடைசியில் ஒன்று குறைந்திருப்பது உண்டு; எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். நேர்ப்புள்ளிக் கோலத்தை நிபந்தனை வழியிலும் எழுதலாம்: நடுவைச் சுழியமாக வைத்து, மேல்கீழ்த் தூரத்தையும் பக்கவாட்டுத் தூரத்தையும் கூட்டினால் மூன்றுக்கு மிகாத கட்டங்களில் மட்டும் புள்ளி. 49 கட்டத்தில் 25 தேறும். மேலே பார்த்த இரண்டு வழியும் இங்கேயும் உண்டு.

பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது தப்பான விடைகளோடு. பிழைச் செய்தி காட்டி நிற்கும் நிரலைத் திருத்துவது எளிது. தவறான உருவத்தைச் சாந்தமாக அச்சிட்டுவிட்டுப் போகும் நிரல்தான் ஆசிரியர். உருவத்தைப் பார்த்தே நோய் எங்கே என்று சொல்லப் பழக வேண்டும். நட்சத்திரங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒற்றைத் தூணாக விழுந்தால், அடுத்த வரிக்கு இறங்கும் கட்டளை உள்மடக்குக்குள் நுழைந்துவிட்டது. எல்லாம் ஒரே வரியில் நீண்டு ஓடினால், அது வெளிமடக்குக்கும் வெளியே போய்விட்டது. முக்கோணத்தின் கடைசி வரிசை காணவில்லை என்றால், பைத்தானில் மடக்குக்கு எண்களைத் தரும் ரேஞ்சின் மேல் எல்லை கணக்கில் சேராது என்பதை மறந்திருக்கிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வைல் மடக்கில் உள் எண்ணியை ஒவ்வொரு வரிசையிலும் மீண்டும் ஒன்றாக்க வேண்டும். அந்த வரியை வெளிமடக்குக்கு மேலே எழுதிவிட்டால் என்ன ஆகும்? சதுரம் கேட்டிருந்தால் முதல் வரிசை முழுதாக வரும், மற்ற வரிசைகள் காலி. முக்கோணம் கேட்டிருந்தால் வரிசைக்கு ஒரே ஒரு நட்சத்திரம். பிழை ஒன்றுதான், வெளிப்படுவது இரண்டு விதமாக. ஏன் என்று தாளில் மாறிகளின் மதிப்பை வரிவரியாக எழுதிப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். முக்கோணத்தில் முதல் வரிசை முடிந்ததும் உள் எண்ணி இரண்டில் நிற்கிறது. இரண்டாவது வரிசையின் எல்லையும் இரண்டு. எனவே ஒன்று அச்சாகி மூன்றில் நிற்கிறது. மூன்றாவது வரிசையின் எல்லை மூன்று. வரிசை ஒவ்வொன்றாக ஏற, எண்ணியும் அதன் பின்னாலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. இதைத் தானே எழுதிக் கண்டுபிடித்த மாணவருக்கு உள்மடக்கு பற்றி நான் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நிபந்தனைகளில் வரும் பிழை இன்னும் கமுக்கமானது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இஃப் ('என்றால்') எழுதி, கடைசியில் ஓர் எல்ஸ் ('இல்லையென்றால்') வைத்தால் அந்த எல்ஸ் யாருக்குச் சொந்தம்? சி மொழியில் மிக அருகில் துணையின்றி நிற்கும் இஃப்புக்கு. நீங்கள் எவ்வளவு அழகாக இடம் விட்டு முதல் இஃப்புக்கு நேராக அதை எழுதினாலும் மொழிமாற்றி அந்த இடைவெளியைப் பார்ப்பதில்லை. மனிதர் ஒன்றைப் படிக்கிறார், கணினி வேறொன்றைப் படிக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது இப்படியொரு இடத்தில்தான். பாதுகாப்பான இணையத் தொடர்பைச் சரிபார்க்கும் சி நிரலில், இஃப்புக்குக் கீழே 'கோ டு ஃபெயில்' (goto fail) என்ற தாவல் வரி இரண்டு முறை இருந்தது. அடைப்புக்குறி இல்லை. முதல் வரி மட்டும் இஃப்புக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது, பார்வைக்கு அதே அளவு உள்தள்ளி நின்றாலும், எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. பைத்தானில் உள்தள்ளலே அடைப்புக்குறியாக இருப்பதை எரிச்சலாகப் பேசும் சி ரசிகர்களிடம் இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பிரேக் கட்டளைக்கு வரும்போது இன்னும் பெரிய கதை இருக்கிறது. பகா எண் கண்டுபிடிக்கும் பயிற்சியில் பிரேக் அறிமுகமாகும்: வெளிமடக்கு எண்களை எடுக்கிறது, உள்மடக்கு வகுத்துப் பார்க்கிறது, மீதியின்றி வகுபட்டதும் பிரேக் போட்டு வெளியேறுகிறது. 'எங்கிருந்து வெளியேறுகிறது?' என்று கேட்டால் பாதிப்பேர் முழு நிரலிலிருந்தும் என்பார்கள். உள்மடக்கிலிருந்து மட்டும்தான். அடுத்த எண்ணுக்கு வெளிமடக்கு வழக்கம்போல் போய்விடும்.

1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஒன்பது மணி நேரம் தள்ளாடியது. நாடு முழுதும் இருந்த 114 இணைப்பகக் கணினிகளில் ஒன்று தடங்கலுக்குப் பின் மீண்டு வந்து, 'நான் வந்துவிட்டேன்' என்று அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பும்; அந்தச் செய்திகள் நெருக்கமாக வந்தால் அண்டை விழும்; அண்டை மீண்டு வந்து தன் அண்டைக்குச் செய்தி அனுப்பும். சங்கிலி நிற்கவில்லை. காரணம், அண்மையில் ஏற்றியிருந்த சி நிரலின் ஒரு மூலை. வைல் மடக்குக்குள் ஒரு ஸ்விட்ச் (பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை), ஸ்விட்ச்சுக்குள் ஓர் இஃப், அதற்குள் இன்னோர் இஃப், அதன் எல்ஸில் ஒரு பிரேக். எழுதியவர் இஃப்பை விட்டு வெளியேறி அடுத்த வேலைக்குப் போவதாகவே நினைத்திருக்க வேண்டும். ஆனால் பிரேக்குக்கு இஃப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது மடக்கும் ஸ்விட்ச்சும் மட்டும். ஸ்விட்ச்சை விட்டே வெளியே குதித்தது. இடையில் நடந்திருக்க வேண்டிய வேலை விடுபட்டு, நினைவகத்தில் இருந்த தகவல் அழிபட்டது. இதைச் சொல்லி முடித்ததும் கரும்பலகையில் ஐந்து அடுக்கு நிரல் ஒன்றை எழுதி, நடுவில் ஒரு பிரேக் வைத்து, அது எங்கே போய் விழும் என்று அம்புக்குறி போடச் சொல்வேன். கணினி தேவையில்லாத பயிற்சி; இருபது நிமிடம் ஓடிவிடும்.

உருவங்கள் அலுத்த பிறகு என்ன கொடுப்பது? விளையாட்டு நிரல், வங்கி நிரல் என்று தாவுகிறார்கள். நான் மாத நாட்காட்டி கொடுக்கிறேன். வரிசையும் கட்டமும் இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, விடை சரியா என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் தேதி எந்தக் கிழமை, மாதத்துக்கு எத்தனை நாள் என்ற இரண்டையும் வாங்கிக்கொண்டு ஞாயிறு முதல் சனி வரை ஏழேழாக அடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க 2026 நல்ல ஆண்டு. பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 28 நாளில் சனிக்கிழமை முடிகிறது: மிகச் சரியாக நான்கு வரிசை. ஏழுநாள் முடிந்ததும் கண்மூடித்தனமாக வரி மாற்றும் நிரல்கள் இங்கே கடைசியில் ஒரு வெற்று வரியை விட்டுவிட்டு மாட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் சனிக்கிழமை தொடங்குகிறது, 31 நாள்: ஆறு வரிசை தேவை. பிப்ரவரியின் நாட்களை நிரலே கண்டுபிடிக்கட்டும் என்றால் நான்கு, நூறு, நானூறு என்ற மூன்று அடுக்கு நிபந்தனை வரும். 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு, 2100 மறுபடி அல்ல. இந்த மூன்றையும் போட்டுப் பார்க்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டிகளில் ஆறாவது வரிசைக்குப் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. மிஞ்சும் 30, 31 தேதிகளை மேலே முதல் வரிசையின் காலிக் கட்டங்களில் ஏற்றிவிடுவார்கள். அதையும் அப்படியே அச்சிட வேண்டும் என்பது என் கடைசிக் கணக்கு. மடக்குகளை எண்ணுவது இங்கே சுழியத்திலிருந்து: வரிசை 0 முதல் 4 வரை, கட்டம் 0 முதல் 6 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் தேதி என்பது வரிசையை ஏழால் பெருக்கி, கட்டத்தைக் கூட்டி, தொடக்கக் கிழமையைக் கழித்து, ஒன்று கூட்டியது. ஆகஸ்டில் தொடக்கம் 6. அதனால் முதல் கட்டத்தில் தேதி மைனஸ் ஐந்து என்று வரும். ஒன்றுக்குக் குறைவாக வந்தால் 35 கூட்டு. மைனஸ் ஐந்து முப்பது ஆகிறது, மைனஸ் நான்கு முப்பத்தொன்று ஆகிறது. ஞாயிறும் திங்களும் அழகாக நிரம்பிவிடுகின்றன.

கோல நோட்டு கொண்டுவந்த அதே மாணவிதான் இதை முதலில் முடித்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரிசையில் 30, 31, அதற்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை 32, புதன் 33, வியாழன் 34, வெள்ளி 35, சனிக்கிழமை ஒன்று.

"ஒரு நிபந்தனை குறைகிறது, அக்கா" என்றாள். "மடக்கின் எல்லையைக் குறைத்துவிடட்டுமா, உள்ளே வைக்கட்டுமா?"

"எல்லையைக் குறைத்தால் சனிக்கிழமையும் சேர்ந்து போய்விடுமே" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

உள்ளே வைத்தாள்.